கொண்டல் வீசும் தீவு: ஒரு குவாதலூப் பயணம் எப்படித் திட்டமிடப்பட்டது

2025 ஏப்ரலில் நாங்கள் 5 பேர் பாரிசிலிருந்து கரீபியன் தீவான குவாதலூப் போய் 11 இரவுகள் தங்கிவிட்டு வந்தோம். நான், என் கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், காரைக்காலிலிருந்து வந்திருந்த என் அம்மா. பயணம் 11 நாள்தான், ஆனால் திட்டம் போட 7 மாதம் ஆனது. அதற்குள் மூன்று தடவை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கினோம்.

போய் வந்த பிறகு தெரிந்தவர்கள் கேட்பதெல்லாம் எந்த பீச் அழகு, எந்த ஹோட்டல் மலிவு என்பதுதான். அந்தக் கேள்விகளுக்கு முன்னால் கேட்க வேண்டியவை நான்கு இருக்கின்றன. எந்த மாதம்? தீவின் எந்தப் பக்கம்? கையில் இருக்கும் விசா அங்கே செல்லுமா? வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமா? இந்த நான்கில் மூன்றை நாங்கள் தப்பாகத்தான் தொடங்கினோம். அதனால் தப்பிய இடங்களையும் விடாமல் எழுதுகிறேன்.

ஏன் இந்தத் தீவு

கரீபியன் கடலில் தீவுகளுக்குப் பஞ்சமில்லை. குவாதலூப்பைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் வசதி. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். செலவுக்கு யூரோ, பேச்சுக்குப் பிரெஞ்சு, வீட்டுக்கு வீடு கிரியோல் என்னும் தீவு மொழி. கணவர் குடும்பத்தின் வழியாக எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால், லியோனுக்கோ மார்சேய்க்கோ போவது போலத்தான். விமானத்தில் எட்டரை மணி நேரம், அவ்வளவே.

இரண்டாவது காரணம் அம்மா. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போனது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கப்பலேற்றினார்கள். முதல் கப்பலான ஒரேலி 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப் கரையைத் தொட்டது. 1889 வரை சுமார் 42,000 பேர் இப்படிப் போனார்கள். எல்லாரும் தமிழர்கள் அல்ல, பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. ஆனாலும் தமிழ் பேசியவர்கள் மிகுதி. அந்தத் தீவில் இன்றைக்கும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன என்று பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னேன். "நம்ம காரைக்கா துறையிலேர்ந்தா போனாங்க?" என்று கேட்டார். அப்புறம் இரண்டு நாள் கழித்து ஃபோனில், "அந்தக் கோயிலுக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியாம்மா?" என்றார். அதோடு இது பிள்ளைகளுக்கான கடற்கரை விடுமுறை மட்டுமாக இல்லாமல் போனது.

மாதம்

முதலில் நினைத்தது ஆகஸ்டு. பள்ளி விடுமுறை நீளமானது, அலுவலகத்திலும் கேட்பார் இல்லை. இரண்டு காரணங்களால் கைவிட்டோம். ஒன்று டிக்கெட் விலை. பிரான்சில் வேலை பார்க்கும் தீவு மக்கள் எல்லாரும் கோடையில்தான் ஊருக்குப் போகிறார்கள், அதனால் விமானத்தில் இடமே கிடைப்பதில்லை. மற்றொன்று புயல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் பருவம், அதிலும் ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். 1989 செப்டம்பரில் ஹூகோ புயல் குவாதலூப்பைச் சிதைத்தது. 2017 செப்டம்பரில் மரியா புயல் பக்கத்துத் தீவான டொமினிக்காவை உருக்குலைத்துவிட்டு இந்தத் தீவையும் உரசிக்கொண்டு போனது. ஒவ்வோர் ஆண்டும் அடிக்கும் என்றில்லை. ஆனால் 68 வயது அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வானிலை அறிக்கையைப் பார்த்தபடி விடுமுறை கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே இரண்டே பருவம். டிசம்பரிலிருந்து மே வரை வறண்ட காலம், அதற்குக் காரேம் என்று பெயர். ஜூலை தொடங்கி நவம்பர் வரை மழைக்காலம். சனவரி, பிப்ரவரிதான் எல்லாரும் சொல்லும் நல்ல மாதங்கள், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். பாரிஸ் பகுதிப் பள்ளிகளுக்கு 2025இல் வசந்த விடுமுறை ஏப்ரல் 12இல் தொடங்கியது. வறண்ட காலத்தின் கடைசி, வெயில் உண்டு, புயல் கிடையாது. சரி, ஏப்ரல் என்று முடிவு செய்து அக்டோபரிலேயே டிக்கெட் எடுத்தோம். ஏப்ரலுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒன்று கடலில் மிதந்து வருவது. மற்றது குழாயில் வராமல் போவது.

காற்றும் பாசியும்

குவாதலூப் வரைபடத்தில் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். இரண்டு சிறகுகளுக்கும் நடுவே ஒரு குறுகிய உப்புக்கால்வாய். கிழக்குச் சிறகு கிராந்த்தேர்: சுண்ணாம்புப் பாறை, சமதளம், கரும்பு வயல், வெள்ளை மணல். மேற்குச் சிறகு பாஸ்தேர்: எரிமலை, மழைக்காடு, அருவி. பாஸ்தேர் என்றால் தாழ்ந்த நிலம் என்று பொருள். தீவின் மலை எல்லாம் அங்கேதான் இருக்கிறது, பிறகு எப்படித் தாழ்ந்த நிலம்? மாலுமிகள் பேச்சில் காற்று படாத மறைவுப் பக்கம்தான் தாழ்ந்த பக்கம். பெயரைப் பார்த்த அன்றே அர்த்தத்தைத் தேடியிருந்தால் எனக்கு 300 யூரோ மிச்சமாகியிருக்கும்.

அந்தக் கடலில் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்தே காற்று வருகிறது. பிரெஞ்சில் அலிசே என்பார்கள். நம் கடற்கரைச் சொல்லில் அது கொண்டல். கிழக்கு நோக்கிய கரைகளில் காற்று நேராக முகத்தில் அடிக்கும், வெக்கை தெரியாது, ஆனால் அலை பெரிது. மேற்குக் கரைக்கு மலை ஒரு சுவர் மாதிரி. அந்தச் சுவருக்குப் பின்னால் கடல் அமைதியாகக் கிடக்கும். மழையையும் இதே காற்றுதான் பங்கு பிரிக்கிறது. சூஃப்ரியேர் எரிமலை உச்சியில் ஆண்டுக்கு 10 மீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. கிராந்த்தேரின் கிழக்கு முனையில் அது 1 மீட்டர் அளவுதான். காரில் ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் இத்தனை வித்தியாசம்.

நாங்கள் முதலில் பிடித்த வீடு லெ மூல் ஊருக்கு அருகே, கிராந்த்தேரின் அட்லாண்டிக் பக்கம். படங்களில் வெள்ளை மணலும் பச்சைக் கடலும் கண்ணைப் பறித்தன. 300 யூரோ அட்வான்ஸ் கட்டினோம். டிசம்பரில் ஒரு நாள், பாரிசில் எங்களோடு வேலை பார்க்கும் ஒரு குவாதலூப்காரரிடம் பெருமையாக ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏப்ரலில் அந்தப் பக்கமா? சர்காசம் வருமே?"

சர்காசம் ஒரு பழுப்புக் கடற்பாசி. வேரில்லாமல் திட்டுத்திட்டாக மிதக்கும். 2011 முதல் அட்லாண்டிக்கின் நடுவே அது பெருகி, நீரோட்டத்திலும் அதே கொண்டல் காற்றிலும் தள்ளப்பட்டு, கரீபியன் தீவுகளின் கிழக்கு, தெற்குக் கரைகளில் வந்து குவிகிறது. மார்ச்சுக்குப் பிறகு வரத்து கூடி, கோடை முழுக்க இருக்கும். கடலில் மிதக்கும்வரை மீன்குஞ்சுகளுக்கு அது வீடு. கரையில் ஒதுங்கி அழுகத் தொடங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், தலைவலி, கண் எரிச்சல். கரையோர வீடுகளில் ஏசி கெட்டுப்போகும், வெள்ளிப் பாத்திரம் கறுத்துப்போகும். ஆஸ்துமா உள்ளவர்கள் குவியலுக்கு அருகில் போகவே கூடாது. என் அம்மாவுக்கு இருபது வருடமாக இழுப்பு.

வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன். "சில நாள் வரும், சில நாள் வராது" என்று பதில் வந்தது. பொய் இல்லை. ஆனால் படத்தோடு சேர்த்து முன்னமே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அட்வான்ஸ் திரும்பவில்லை. கோபம் இருந்தாலும் அந்தப் பணத்தை விட்டுவிட்டு மேற்குக் கரைக்கு மாறியதுதான் இந்தத் திட்டத்தில் நாங்கள் எடுத்த முதல் சரியான முடிவு. 2025இல் அட்லாண்டிக்கில் சர்காசத்தின் அளவு அதுவரை பதிவானதிலேயே உச்சத்தைத் தொட்டது. நாங்கள் ஒரு பகல் லெ மூல் பக்கம் போய்ப் பார்த்தோம். கரையை ஒட்டிப் பழுப்புக் கம்பளம் விரித்தது போல் கிடந்தது. கார் கண்ணாடியை இறக்கவில்லை.

மேற்குக் கரைக்கு மாறினால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பவளப்பாறைகள் நொறுங்கி உண்டான வெள்ளை மணல் கிராந்த்தேரில்தான். பாஸ்தேரின் மேற்கில் தெயே ஊரின் கிராந்த் ஆன்ஸ் கடற்கரையில் மணல் பொன்னிறம், இன்னும் தெற்கே மலான்தூரில் எரிமலைச் சாம்பல் நிறம். என் மகள் முதலில் முகம் சுளித்தாள். மலான்தூரில் தண்ணீருக்குள் முகத்தை வைத்து, பச்சை ஆமை ஒன்று கடற்புல் மேய்வதைப் பார்த்த பிறகு மணலின் நிறத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை.

போகிறவர்களுக்கு ஒன்று. பிரான்சின் வானிலை நிறுவனமான மெத்தியோ பிரான்ஸ், சர்காசம் எந்தக் கரைக்கு வரும் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து அறிக்கை வெளியிடுகிறது. வாரம் இரண்டு தடவை அதைப் பார்த்துக்கொண்டு மறுநாள் போகும் இடத்தை முடிவு செய்தோம். முன்கூட்டியே நாளுக்கு ஒரு கடற்கரை என்று எழுதி வைத்திருந்த தாளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

அம்மாவின் விசா

இதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். குவாதலூப் பிரான்ஸ்தான், ஆனால் ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. பிரான்சுக்குள் வர அம்மாவுக்குக் கொடுக்கும் சாதாரண ஷெங்கன் விசா, பிரான்சின் அந்த மாவட்டத்துக்குச் செல்லாது. அங்கே போக, கடல்கடந்த மாவட்டத்துக்கான அனுமதி தனியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, அதைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர். பாரிசிலிருந்து குவாதலூப்புக்கு விமானம் ஏறினால் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி பாரிசில் இறங்கும்போது அது மறுபடி நுழைவு. ஒரே ஒரு முறை நுழையும் விசா வைத்திருப்பவர், உள்நாட்டுப் பயணம் என்று நம்பிப் போய்விட்டு, திரும்பி வர முடியாமல் நிற்க நேரலாம்.

அம்மாவின் முதல் விண்ணப்பத்தை ஊரில் ஒருவர் நிரப்பிக் கொடுத்தார். மகளைப் பார்க்கப் பாரிஸ் போகிறார், அவ்வளவுதான் அதில் இருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு முறை நுழைவு, ஷெங்கன் நாடுகள் மட்டும். டிக்கெட் ஐந்தும் கையில் இருக்கின்றன, அதில் ஒன்றைக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தோம். அம்மாவே "நீங்க போயிட்டு வாங்க, நான் உங்க வீட்டுல இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சுதான் என்னை மறுபடி உட்கார வைத்தது.

இரண்டாம் தடவை நானே நிரப்பினேன். பாரிஸ், குவாதலூப், மறுபடி பாரிஸ் என்று பயணத்தை வரிசையாக எழுதி, ஐந்து டிக்கெட், இரண்டு வீடுகளின் முன்பதிவு, பயணக் காப்பீடு எல்லாம் சேர்த்தேன். காப்பீட்டுத் தாளில் குவாதலூப் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஏன் போகிறோம் என்று ஒரு பக்கக் கடிதமும் வைத்தேன். அதில் மாரியம்மன் கோயிலைப் பற்றி எழுதியிருந்தேன். மார்ச் கடைசியில் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசாவும் குவாதலூப்புக்கான அனுமதியும் கிடைத்தன. விமானத்துக்கு 16 நாள் இருந்தது. இதைவிட நெருக்கமாக யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். விண்ணப்பம் போடும் முதல் நாளே தீவின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

தண்ணீர், வீடு, கார்

மழைக்காடும் அருவியும் நிறைந்த தீவில் குடிநீர்த் தட்டுப்பாடு என்றால் நம்ப முடியவில்லை. காரணம் மழை இல்லை, குழாய்கள். பல பத்தாண்டுகளாகப் பராமரிக்காத குழாய்களில், ஊருக்கு விடும் தண்ணீரில் பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்து போகிறது. அதனால் பகுதி பகுதியாக முறை வைத்து நிறுத்துகிறார்கள். வறண்ட காலத்தின் கடைசி மாதங்களில் ஆறுகளும் வற்றியிருப்பதால் இது இன்னும் மோசமாகும். அங்கே வாழ்பவர்கள் வருடக்கணக்கில் படும் பாடு இது. வந்து போகும் நமக்குச் சில நாள் அசௌகரியம்தான்.

தண்ணீர்த் தொட்டி வைத்த வீடா என்று கேட்ட பிறகே இரண்டு வீடுகளையும் பிடித்தோம். தெயேயில் 6 இரவு, பிறகு தெற்கே துருவா ரிவியேரில் 5 இரவு. தெயேயில் இரண்டு நாள் ஊர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டி இருந்ததால் எங்களுக்கு அது தெரியவே இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் வாளியோடு வந்து கேட்டபோதுதான் தெரிந்தது.

இரண்டு வீடுகள் ஏன் என்று கேட்கலாம். தீவு சின்னது, ஒரே இடத்தில் தங்கி எல்லா இடமும் போய் வரலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். மேற்குக் கரைச் சாலை மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. தெயேயிலிருந்து துருவா ரிவியேருக்குப் போகவே எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது, மகன் ஒரு தடவை வாந்தி எடுத்தான். தினமும் போய் வரக்கூடிய பாதை இல்லை. புவாந்த் அ பித்ர் நகரைச் சுற்றிக் காலையிலும் மாலையிலும் வண்டிகள் நகராது. அங்கே இருட்டும் சீக்கிரம். ஏப்ரலில் ஆறரைக்கெல்லாம் சூரியன் மறைந்து, ஏழுக்குள் கும்மிருட்டு. பாரிசில் வசந்தகால மாலைகளுக்குப் பழகிய நாங்கள் முதல் நாள் இதை மறந்து, விளக்கில்லாத மலைச்சாலையில் மாட்டிக்கொண்டோம்.

வாடகைக் கார் இல்லாமல் குடும்பத்தோடு அங்கே எதுவும் நடக்காது. டிக்கெட்டோடு சேர்த்தே காரையும் பதிவு செய்துவிடுவது நல்லது. ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த கார்டு வகை செல்லாது என்று கவுண்டரில் இருந்தவர் சொல்ல, டெபாசிட்டுக்கு அலைந்து இரண்டு மணி நேரம் விமான நிலையத்திலேயே போனது.

செலவைச் சொல்ல வேண்டும் என்றால், 5 டிக்கெட்டுக்கு 3,400 யூரோ, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 1,380, காருக்கு 520. சாப்பாட்டில்தான் கணக்குப் பிசகியது. பெரும்பாலான பொருள் கப்பலில் வருவதால் பாரிசைவிட விலை அதிகம். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் அம்மா பெட்டியில் வைத்திருந்தார். அது இல்லையென்றால் இன்னும் கூடியிருக்கும்.

நாட்கள்

எங்கள் பயணத்தின் நடுவே ஈஸ்டர் வந்தது. அதைத் திட்டமிடும்போது நான் வெறும் விடுமுறை நாள் என்றுதான் குறித்திருந்தேன். அங்கே ஈஸ்டர் என்றால் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். திங்களன்று நண்டு சமைப்பார்கள், அரிசியோடு சேர்த்துச் செய்யும் அந்த உணவுக்கு மத்தேத்தே என்று பெயர். கிராந்த் ஆன்ஸில் வியாழன்வரை விரித்துப் படுக்க இடம் இருந்தது. வெள்ளியன்று பார்த்தால் மரத்தடி எல்லாம் கூடாரம், சட்டி, பாட்டு. புனித வெள்ளியும் திங்களும் கடைகள் மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். எனக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. காணும் பொங்கலன்று நம் ஊர்க் கடற்கரை நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் மான்சினியே மரத்தை அடையாளம் தெரிந்துகொண்டுதான் கடற்கரையில் இறங்க வேண்டும். கரையோரம் நிழல் தரும் மரம், சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய். காய் விஷம், பால் பட்டால் தோல் வெந்துபோகும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் தண்ணீரே கொப்புளம் போட வைக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. மகனுக்குப் படம் காட்டிப் பழக்கியிருந்தோம். கடைசியில் அவன்தான் எங்களுக்கு மரம் மரமாகக் காட்டிக்கொண்டு வந்தான்.

மலான்தூருக்கு எதிரே இருக்கும் புறாத் தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கிறது. அடியில் கண்ணாடி பதித்த படகில் அம்மாவைக் கூட்டிப்போனோம். சூஃப்ரியேருக்கு நானும் மகளும் மட்டும் போனோம். 1,467 மீட்டர், சிறு அண்டிலிஸ் என்னும் அந்தத் தீவு வரிசையில் அதுதான் உயரமான மலை. 1976இல் அது சீறியபோது 70,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கினோம். உச்சியில் மேகமும் கந்தக வாசமும் தவிர எதுவும் தெரியவில்லை. மகள் ஏமாந்து போனாள். கீழே வந்து வெந்நீர் ஊற்றுக் குளத்தில் காலை வைத்த பிறகே சமாதானம் ஆனாள்.

துருவா ரிவியேர் சந்தையில் சேனை, சர்க்கரைவள்ளி வகைகள் குவிந்திருக்கும். எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள். 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் குளோர்டிகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். பாஸ்தேரின் தென்பகுதி மண்ணில் அது இன்னும் இருக்கிறது, கிழங்குகளில் ஏறுகிறது, சில கரைகளில் மீன் பிடிக்கவே தடை. பத்து நாள் விருந்தாளியை அது என்ன செய்துவிடப் போகிறது? அந்த மண்ணிலேயே பிறந்து அதையே சாப்பிட்டு வளரும் பிள்ளைகளை நினைத்தால்தான் மனம் கனக்கிறது.

காப்ஸ்தேர்

செவ்வாய்க்கிழமைக்கு என் தாளில் இப்படி எழுதியிருந்தேன்: காலை 9 முதல் 10 வரை கோயில், பிறகு கார்பே அருவி. இரண்டும் காப்ஸ்தேர் பெல்ஓ ஊருக்குள் வருபவை. அருவியின் உயரம் 110 மீட்டர், 1493இல் கொலம்பஸ் கப்பலிலிருந்து பார்த்ததாகச் சொல்லப்படுவது. அதனால் அருவிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருந்தேன்.

ஷாங்ஜி கோயில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வண்ணச் சிலைகள் தெரிய ஆரம்பித்ததும் அம்மா செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டார். அன்று பூசை எதுவும் இல்லை. ஒரு பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார், அம்மா வயதுதான் இருக்கும். அம்மா தமிழில் பேசத் தொடங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. இந்தத் தீவில் யாரும் வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்று நான் முன்பே சொல்லித்தான் இருந்தேன், ஆனாலும் அம்மாவின் முகம் ஒரு கணம் வாடியது. நான் நடுவில் நின்று பிரெஞ்சில் சொன்னேன்.

அந்தப் பெண் அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அம்மனை மாலியமென் என்றார். கொட்டும் பறையைத் தபு என்றார், நம் ஊரில் சொல்வதுபோல் அம்மா அதைத் "தப்பு" என்றார். பூசை நடத்துபவர் பழைய தமிழ்ப் பாடல்களைத்தான் பாடுவார், பொருள் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு என்றார். தன் பாட்டிக்கு எல்லாம் தெரியும், கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டேன் என்றும் சொன்னார். வெளியே ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போய் ஒரு கொத்தை ஒடித்து நீட்டினார். "வெபெலே." அம்மா அதை வாங்கி மோந்து பார்த்து, "வேப்பெல" என்றார். இரண்டு பேரும் அந்தச் சொல்லை மாறி மாறி நாலைந்து தடவை சொல்லிக்கொண்டார்கள். மொழிபெயர்க்க எனக்கு அங்கே வேலை இல்லை.

இதே ஊரில் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கை அவர் விடாமல் நடத்தினார். 1923இல்தான் அந்த உரிமை கிடைத்தது. கணவர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காரைக்காலில் தன் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த கதையை மகள் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள்.

ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்த இடத்தில் மூன்றரை மணி நேரம் இருந்தோம். அருவி அன்று போகவில்லை. மறுநாள் லே சேந்த் தீவுகளுக்குப் படகு டிக்கெட் இருந்தது, அதனால் கடைசி நாள் காலையில், பெட்டிகளை வண்டியில் ஏற்றிய பிறகு, அரக்கப் பரக்கப் போய் மேடையிலிருந்து பார்த்துவிட்டு வந்தோம். திட்டத்தில் நான் ஒரு நாளாவது சும்மா விட்டிருக்க வேண்டும். அடுத்த தடவை காப்ஸ்தேர் பக்கம் ஒரு முழு நாளுக்கு எதுவும் எழுத மாட்டேன்.

செடி, இலை எல்லாம் அங்கிருந்து பிரான்சுக்குக் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. அம்மா அந்த வேப்பங்கொத்தைத் துருவா ரிவியேர் வீட்டு நிலைப்படியிலேயே செருகிவிட்டு வந்தார். பதிலுக்குச் சந்தையில் அரைக் கிலோ கொலோம்போ பொடி வாங்கிக்கொண்டார். கூலிகளோடு வந்து, அந்தத் தீவின் அன்றாடச் சமையலாகவே ஆகிவிட்ட மசாலா அது. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம். அம்மா உள்ளங்கையில் கொட்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "மொளகாய விட்டுட்டாங்களே?" என்றார். நான் கேட்டுச் சொன்னேன்: இங்கே மிளகாயைப் பொடியில் சேர்ப்பதில்லை, குழம்பு கொதிக்கும்போது ஒரு முழு மிளகாயை உடையாமல் மேலே மிதக்க விடுவார்களாம். "ஓகோ" என்று பொட்டலத்தைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தார். இப்போது காரைக்காலில் அம்மா வைக்கும் மீன் குழம்பில் மிளகாய் அப்படித்தான் மிதக்கிறது.